முப்பத்தாறு புள்ளி நான்கு

திரையின் மூலையில் சுற்று ஒன்று என்று விழுந்தபோது மணி ஒன்று நாற்பது. மொத்தம் நாற்பது சுற்று, ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம், ஆக ஐம்பது நிமிடம், இரண்டரைக்கு முடிந்துவிடும் என்று ஜெசிந்தா கணக்குப் போட்டாள். ஏற்கெனவே மூன்று முறை போட்ட கணக்குத்தான். நான்காவது முறை போட்டால் விடை மாறிவிடுமோ என்று ஒரு நப்பாசை. இந்தக் கடலோர ஊரின் வைரஸ் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவள், இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டுப் பக்கத்து அறையில் டீ குடித்து, உதவியாள் வேல்மயிலோடு வம்பளந்து, பீப் சத்தம் கேட்டபிறகு சாவகாசமாக வந்து பார்க்கிறவள், இன்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். இயந்திரத்துக்கு யார் பார்க்கிறார்கள் என்ற கவலையில்லை. சூடாக்கும், ஆறவிடும், மறுபடி சூடாக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் உள்ளே இருப்பது ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். வைரஸ் இருந்தால் பெருகும், திரையில் கோடு மேலே ஏறும். இல்லாவிட்டால் நாற்பது தடவை சுட்டாலும் கோடு தரையிலேயே படுத்துக் கிடக்கும். நிறைய இருந்தால் சீக்கிரம் ஏறும், கொஞ்சம் இருந்தால் தாமதமாக ஏறும். அவ்வளவுதான் சங்கதி, ஒரு குழந்தைக்குக்கூடச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். குழந்தை என்ற சொல் வந்ததும் அவள் நினைப்பு சட்டென்று வேறு பக்கம் போயிற்று, திரை துடைக்காமல் கிடக்கிறதே, வேல்மயிலிடம் சொல்ல வேண்டும் என்று. உள்ளே பதினான்கு குழிகள். பன்னிரண்டில் பிள்ளைகளின் தொண்டையில் துடைத்தெடுத்த மாதிரிகள். பதிமூன்றில், இருக்கிறது என்று தெரிந்தே வைத்த வைரஸ். பதினான்கில் வெறும் தண்ணீர். பதினோராவது குழியில் இருப்பது அவள் மகள் மெர்லின்.

மெர்லினுக்கு இரண்டு வயது ஒன்பது மாதம். பதிவேட்டில் மெர்லின் என்று இருக்காது. இருநூற்றுப் பத்தொன்பது, செல்வி, வயது மூன்று, உப்பளக் காலனி என்று இருக்கும். அப்படி ஒரு செல்வி உலகத்தில் கிடையாது. தன் வீட்டு மாதிரியைத் தானே சோதிக்கக் கூடாது என்று விதி, சென்னைக்கு அனுப்ப வேண்டும், பதில் வரப் பத்து நாள் ஆகும். பத்து நாள் பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் யார் வைத்துக்கொள்வது. புருஷன் ரீகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், லீவு என்று கேட்டால் ஷிப்ட் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். இவளுக்கோ மூன்று வாரமாகத் தலைக்குமேல் வேலை. கை, கால், வாய் நோய் என்று ஆஸ்பத்திரியில் எழுதுகிறார்கள், தெருவில் தக்காளிக் காய்ச்சல் என்கிறார்கள். உள்ளங்கையில் நாலு கொப்புளம், உள்ளங்காலில் நாலு, வாயில் புண், இரண்டு நாள் காய்ச்சல், ஒரு வாரத்தில் சரியாகிவிடும், பயப்படாதீர்கள் என்று அவளே எத்தனை தாய்மாரிடம் போனில் சொல்லியிருப்பாள். பயப்பட வேண்டாத நோய்தான். ஆனால் ஒரே கொப்புளத்தை மூன்று நான்கு வைரஸ்கள் போடுகின்றன. பதினாறு என்று ஒன்று, சாது. ஆறு என்று ஒன்று, காய்ச்சல் போனபிறகு ஒரு மாதம் கழித்துப் பிள்ளையின் நகத்தைக் கழற்றிவிட்டுப் போகும், பார்க்கப் பயமாக இருக்கும், வலிக்காது. எழுபத்தொன்று என்று ஒன்று. அது சில பிள்ளைகளின் மூளைத்தண்டுக்குப் போய்விடும். எது வந்திருக்கிறது, எது தன்னை எப்படி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் இந்த ஆய்வுக்கூடம், இந்த இயந்திரம், இந்த ஜெசிந்தா. சுற்று நான்கு. கோடுகள் தரையில் கிடந்தன.

நேற்று மாலை நாலு மணிக்குக் குழந்தைகள் வார்டிலிருந்து டாக்டர் சங்கரவடிவு கூப்பிட்டார். அந்த அம்மாள் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "ஜெசிந்தா, இருநூத்திப் பதினாலு நெகட்டிவ்னுதான குடுத்த?" "ஆமா டாக்டர். முப்பத்தேழாவது சுத்துலதான் ஏறிச்சு. முப்பத்தஞ்சுக்கு மேல போனா நெகட்டிவ்தான." "நான் அந்தத் தாள நம்பி செவ்வாக்கிழமை வீட்டுக்கு அனுப்பிட்டேன். இன்னைக்குக் காலைல தூக்கிட்டு ஓடி வாறாங்க. கையெல்லாம் நடுங்குது, மூச்சு விட முடியல, குழாய் போட்டு வச்சிருக்கேன். எனக்கு இது எழுபத்தொண்ணு மாதிரிதான் தெரியுது. நீ இன்னொரு வாட்டி பாரு." பார்க்கிறேன் டாக்டர் என்றாள். வைத்துவிட்டு, முப்பத்தைந்துக்கு மேல் போனால் நெகட்டிவ் என்று தனக்கே ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். அது அவள் போட்ட விதி இல்லை. எங்கோ ஒரு எல்லை போட்டுத்தானே ஆக வேண்டும். கடைசிச் சுற்றுகளில் தூசு தும்புகூடக் கோடாக ஏறும், அதையெல்லாம் நோய் என்று எழுதினால் ஊரில் பாதிப் பிள்ளை படுக்கையில் கிடக்கும். விதி சரியான விதிதான். ஆனால் மூன்று வாரமாக முப்பத்தாறு, முப்பத்தேழு என்று தாமதமாக ஏறுகிற கோடுகள் வந்துகொண்டே இருந்தன, ஒன்றல்ல, இரண்டல்ல. வேல்மயில்தான் முதலில் சொன்னான், "மேடம், இதெல்லாம் ஐஸ் உருகி வருதுல்லா, அதான் வைரஸ் செத்துப்போகுது." உண்மையாகவே ஐஸ் உருகித்தான் வந்தது. வெளியூர் மாதிரிகள் பஸ்ஸில் வரும், கண்டக்டர் டப்பாவை எஞ்சின் பக்கத்தில் வைத்துவிடுவார், இங்கே வந்து திறந்தால் உள்ளே வெந்நீர். அதனால் தாமதமாக ஏறுகிற ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரில் ஐஸ் உருகிவிட்டது என்று அவள் தன் கையாலேயே எழுதினாள். சௌகரியமான காரணம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சுற்று ஏழு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேசையில் அவள் போன் கிடந்தது. இந்த அறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது. ஐந்து எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். பாக்கியத்தக்காவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். காப்பகத்தில் ஒரு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிப் படுக்கவைத்தால் மூன்று மணி வரை தூக்கம். பதினான்கு பிள்ளைகள், பதினான்கு சின்னப் பாய், ஜன்னலில் ஈரத்துணி. மெர்லின் குப்புறப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தூங்குவாள், அக்கா அவளை ஆமைக்குட்டி என்று கூப்பிடுவாள். கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி, அதை அவள் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் கேட்டால் பதில் வரும். ரீகன் காலையில் சொன்னதையும் அவள் இப்போது நினைக்கப்போவதில்லை. எதிர்ச் சுவரில் துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்காக அவளே எழுதியது, மஞ்சள் காகிதம், போன வருடம் ஆயிரம் படி அச்சடித்தார்கள். கொப்புளம் வந்த பிள்ளையிடம் இவற்றைக் கவனியுங்கள். ஒன்று, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நிற்கிறதா. இரண்டு, வாந்தி ஓயாமல் வருகிறதா. மூன்றாவதைப் படிக்காமல் அவள் கண்ணைத் திரைக்குத் திருப்பினாள். நான்கு, கை நடுங்குகிறதா, நடை தள்ளாடுகிறதா. இன்று காலையில் மெர்லின் பால் டம்ளரைக் கீழே போட்டாள். பிடித்துக்கொள், கையில் என்ன வெண்ணெயா தடவியிருக்கிறது என்று இவள் அதட்டினாள். பிள்ளை தன் கையைப் பார்த்தது. அழவில்லை, கையைத்தான் பார்த்தது. டம்ளரைப் போடாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது, எவர்சில்வர் டம்ளர், விளிம்பு வழுக்கும், காலை அவசரம், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. சுற்று எட்டு.

சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் வீட்டில் இருந்தபோது உள்ளங்கையில் இரண்டு சிவப்புப் பொட்டு, கட்டைவிரல் மேட்டில் ஒன்று. திங்கட்கிழமை காலை இவளே பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்தெடுத்தாள். மெர்லின் இவள் விரலைக் கடித்துவிட்டாள், இன்னும் நகத்தோரம் வலிக்கிறது. குழாயை மூடி, ஐஸ்கட்டி நிரப்பிய பிளாஸ்கில் வைத்து, சாப்பாட்டுப் பையில் போட்டு, ஸ்கூட்டரில் இருபது நிமிடத்தில் இங்கே. அன்று காலையில் வந்த மாதிரிகளோடு அதையும் வைத்து ஓட்டினாள். அதே ஓட்டத்தில்தான் இருநூற்றுப் பதினான்கும் இருந்தது. மெர்லினின் கோடு முப்பத்தாறு புள்ளி நான்கில் ஏறியது. அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. நெகட்டிவ், மாதாவே ஸ்தோத்திரம் என்று நெஞ்சில் கைவைத்தாள். காப்பகத்துக்கு ஒரு விதி உண்டு. கொப்புளம் வந்த பிள்ளையை ஆய்வுக்கூடத் தாள் இல்லாமல் பாக்கியத்தக்கா சேர்க்க மாட்டாள். அந்த விதியை அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தவளே ஜெசிந்தாதான். அதனால் தாள் ஒன்று அடித்தாள், இந்தத் தாளில் மட்டும் மெர்லின் என்ற சொந்தப் பெயர். கண்டறியப்படவில்லை. முத்திரையும் குத்தினாள். புதன்கிழமை காலையில் பாக்கியத்தக்கா அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். "நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும் மேடம். இந்த டிரைவர் பிள்ளை ஹர்ஷினிக்கும் இதே மாதிரிதான் ரெண்டு பொட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவான்னு அவ அம்மை கேட்டா. மேடம் பிள்ளைக்கே ஒண்ணுமில்லன்னு வந்துட்டு, இது வேனக்கட்டிதான், கொண்டாந்து விடுன்னு சொல்லிட்டேன்." இவள் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

சுற்று பதினொன்று. கோடுகள் இன்னும் தரையில்தான் கிடந்தன, ஆனால் ஒன்றிரண்டு லேசாக அலைவது போல இருந்தது, அது கண் மயக்கம், பதினொன்றில் எதுவும் தெரியாது. கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ஐஸ் உருகிவிட்டது என்று திங்கட்கிழமை மாலை பதிவேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு, ஐஸ் உருகிவிட்டது. இருநூற்றுப் பதினான்கு, ஐஸ் உருகிவிட்டது. இருநூற்றுப் பத்தொன்பது. அங்கே பேனா நின்றது, அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றது. ஏனென்றால் இருநூற்றுப் பத்தொன்பதின் ஐஸ் உருகவில்லை. பிளாஸ்கைத் திறந்தபோது கட்டிகள் கலகலவென்று இருந்தன, குழாயை எடுத்தபோது விரல் மரத்துப்போயிற்று. இந்த மூன்று வாரத்தில் அரிசி போட்டால் வெந்துவிடும் என்கிற சூட்டில் வந்த அத்தனை மாதிரிகளுக்கு நடுவில் சுத்தமாக, குளிராக, இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்த ஒரே மாதிரி அதுதான். அதுவும் முப்பத்தாறில்தான் ஏறியது. அப்படியானால் காரணம் ஐஸ் இல்லை. ஒரு முதல்வருட மாணவிகூடச் சொல்லிவிடுவாள். பேனா நின்ற அந்த மூச்சு நேரத்தில் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து, அந்தப் பக்கம் திரும்பாமல், செல்வி, உப்பளக் காலனி, ஐஸ் உருகிவிட்டது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். வாய்விட்டுச் சொல்லியிருந்தால், இது என் பிள்ளையின் மாதிரி, நான் ஐஸில் வைத்துக் கொண்டுவந்தேன் என்று வேல்மயிலிடம் சொல்லியிருந்தால், திங்கட்கிழமை மாலையே விஷயம் உடைந்திருக்கும். இருநூற்றுப் பதினான்கு செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போயிருக்காது. அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் உண்டு, இஷானா, அதை நேற்று டாக்டர் சொன்னபோதுதான் முதல்முறையாகக் கவனித்தாள்.

என்ன நடந்தது என்பதும் அவளுக்கு இப்போது தெரியும், தெரியாத மாதிரி நடிக்க இங்கே யாரும் இல்லை. எழுபத்தொன்று மாறிவிட்டது. இந்தச் சோதனையில் வைரஸைப் பிடிப்பதற்கு ஒரு துண்டு போடுகிறார்கள், வைரஸின் உடம்பில் ஓரிடத்தில் அது போய் அச்சாகப் பொருந்த வேண்டும். அந்த இடத்தில் வைரஸ் நாலு எழுத்தை மாற்றிக்கொண்டால், போன வருட அளவுக்குத் தைத்த ரவிக்கையில் கொக்கி மாட்டாமல் போவது போல, துண்டு பாதிதான் பிடிக்கும். வைரஸ் நிறைய இருந்தாலும் கோடு தாமதமாகத்தான் ஏறும். தாமதமாக ஏறினால் குறைவு என்று நாம் படிப்போம். குறைவு என்றால் நெகட்டிவ் என்று எழுதுவோம். இதில் கொடுமை என்னவென்றால், புது அளவில் தைத்த துண்டுகள் ஐந்து வாரத்துக்கு முன்பே வந்துவிட்டன. வடக்கில் ஓரிடத்தில் மாறிய வகை தென்பட்டிருக்கிறது, இனி இதைப் பயன்படுத்தவும் என்று கடிதத்தோடு பெட்டி வந்து பிரீசரின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. பழைய ஸ்டாக் தீர்ந்தபிறகுதான் புதியதைத் திறக்க வேண்டும் என்பது இங்கே வேதம். ஆடிட்டில் கேட்பார்கள். தலைமை விஞ்ஞானி கண்ணபிரான் சார் கடிதத்தின் ஓரத்தில் இருப்பு முடிந்ததும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், இவளும் பக்கத்தில் குறுங்கையெழுத்துப் போட்டாள். நேற்று மாலையே திறந்திருப்பாள், அவர் கையெழுத்து வேண்டும், அவர் இன்று பதினொரு மணிக்குத்தான் வந்தார், அதன்பிறகுதான் பெட்டியைத் திறந்து, தாமதமாக ஏறிய பழைய மாதிரிகளை எடுத்துப் புதுத் துண்டு போட்டு ஓடவிட்டாள். நேற்று ராத்திரி முழுவதும் அந்தப் பெட்டி கீழ்த்தட்டில் கிடந்தது, மெர்லின் இவள் பக்கத்தில் கிடந்தாள். காலையில் எழுந்து, காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்து, இல்லை என்றதும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தாள். வீட்டில் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வீட்டில் வைத்தால் ஏன் வைத்தேன் என்று அவளுக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். சுற்று பதினான்கு.

கதவு திறந்து வேல்மயில் தலையை நீட்டினான். "மேடம், டீ ஆறுதே. இதென்ன, கோடு நம்மள விட்டுட்டு எங்கயும் ஓடிப்போகாது." "நீ குடி வேலு." "மொகமே சரியில்லையே. பாப்பாவுக்கு எப்பிடி இருக்கு, காய்ச்சல் விட்டுட்டா?" விட்டுவிட்டது என்று தலையாட்டினாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். கேட்டவன் நல்ல மனசோடுதான் கேட்டான், அவனுக்கும் ஒரு பெண்பிள்ளை, ஆனால் காய்ச்சல் விட்டுட்டா என்ற கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு ரீகன் காலையில் சொன்னது உள்ளே வந்துவிட்டது. இத்தனை நேரம் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தாள். ரீகன் கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். குனிந்தபடியேதான் சொன்னான். "ஜெசி, பிள்ள ராத்திரி ஒருமாதிரி துள்ளுச்சு. ரெண்டு மூணு வாட்டி. யாரோ தூக்கிப் போட்ட மாதிரி." இவள் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சியை நிறுத்தாமலே, "கனவு கண்டிருக்கும்" என்றாள். "இல்லட்டி, நீதான சொல்லுவ, தூக்கத்துல தூக்கிப்போட்டா கவனிக்கணும்னு. அந்த மஞ்சத் தாள்ல எழுதிருந்தியே. அது இதுதானா?" அப்போது இவள் மிக்சியை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு என்ன சொன்னாள் என்றால், "அவளுக்குத்தான் நெகட்டிவ் வந்துட்டுல்லா" என்றாள். அவன் சரி என்று விட்டுவிட்டான். படித்தவள் சொன்னால் கேட்டுக்கொள்கிறவன், கிரேனில் எழுபதடி உயரத்தில் உட்கார்ந்து கண்டெயினரைத் தூக்கி வைக்கிறவனுக்குக் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பத் தெரியும். பார்த்ததைச் சொன்னான். இவள் தாளைக் காட்டி அவன் வாயை அடைத்துவிட்டாள். டாக்டர் போன் வந்த மறுநாள் காலை, எண்கள் பொய் என்று தெரிந்த மறுநாள் காலை, நெகட்டிவ் என்று சொன்னாள். மூன்றாவது வரி, தூங்கும்போது உடம்பைத் தூக்கிப்போடுகிறதா. இப்போது சுவரைப் பார்க்காமலே அந்த வரி தெரிந்தது.

சுற்று பதினாறு. சுற்று பதினேழில் ஒரு கோடு தரையைவிட்டுக் கிளம்பியது. சிவப்பு. சிவப்பு என்றால் எழுபத்தொன்று. அவளுக்குக் குழி எண்ணைப் பார்க்க வேண்டும், பார்க்கக் கை வரவில்லை, பதிமூன்றாக இருக்கும், பதிமூன்றில் தெரிந்தே வைத்த வைரஸ்தானே, அது முதலில் ஏறத்தான் செய்யும். அம்புக்குறியைக் கோட்டின்மேல் கொண்டுபோய் வைத்தாள். பதினொன்று. பதிமூன்று அதற்குப் பிறகு, பதினெட்டில் வந்தது. பதினெட்டரையில் மூன்றாவது குழி, அது இஷானா. பிறகு ஐந்து, எட்டு, ஒன்று, ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்புக் கோடுகள் செங்குத்தாக ஏறின. முப்பத்தாறு புள்ளி நான்கு, பதினேழு. நடுவில் பத்தொன்பது சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மடங்கு. அதை அவள் பெருக்கப் போனாள், ஆயிரம் வரை வந்தது, பிறகு லட்சம், பிறகு நிறுத்திக்கொண்டாள். அத்தனை வைரஸும் திங்கட்கிழமையன்றே அந்தச் சின்னத் தொண்டையில் இருந்தது. இவள் விரலைக் கடித்தபோதும் இருந்தது. ஓட்டம் முடிவதற்குமுன் படிக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது என்று அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. நாற்பது முடிய வேண்டும், தண்ணீர்க் குழி சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரும் ஏறிவிட்டால் ஏதோ அசுத்தம் கலந்துவிட்டது என்று அர்த்தம், மொத்த ஓட்டமும் செல்லாது, தூக்கிப் போட்டுவிட்டு நாளைக்கு மறுபடி செய்யலாம். பதினோரு வருடத்தில் தண்ணீர் ஏறினால் தலையில் அடித்துக்கொள்கிறவள், கையுறை மாற்றாததற்கு வேல்மயிலை வைது தீர்க்கிறவள், முக்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, மாதாவே, தண்ணீர் ஏறட்டும், மாதாவே, என் கை அசுத்தமாக இருக்கட்டும், நான் கவனக்குறைவாகச் செய்திருக்கட்டும் என்று வேண்டினாள். பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. தண்ணீர் அசையவில்லை. அவள் சுத்தமாகத்தான் வேலை செய்திருந்தாள். இரண்டரைக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது, அதுவரை உட்கார்ந்திருக்க விதி இடம் கொடுத்தது. விதி எப்போதும் அவளுக்கு இடம் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவள் எழுந்தாள்.

ஐந்தே எட்டில் கதவைத் தாண்டினாள். கையுறையோடேயே போனை எடுத்தாள், திரை விரலை ஏற்கவில்லை, பல்லால் கடித்துக் கையுறையை உருவினாள். வேல்மயில் டீ கிளாசோடு நிமிர்ந்து பார்த்தான். "பதினொண்ணாம் குழி என் பிள்ள, வேலு" என்றாள் அவனிடம். "செல்வின்னு யாரும் கிடையாது. அது மெர்லின். ஐஸ் உருகல." அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆகும், அந்த ஒரு நிமிடம் அவளிடம் இல்லை. "சங்கரவடிவு டாக்டரக் கூப்பிடு. எழுபத்தொண்ணுன்னு சொல்லு. பிள்ளைங்க வருதுன்னு சொல்லு." இந்தப் பக்கம் அவள் காதில் காப்பகத்துப் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. நாலாவது மணியில் பாக்கியத்தக்கா எடுத்தாள், பிள்ளைகள் தூங்குகிற அறையில் பேசுகிற கிசுகிசுப்பான குரலில். "சொல்லுங்க மேடம்." "யக்கா, மெர்லின் என்ன செய்யுதா?" "நல்லா தூங்குதா. எப்பவும் கவுந்து படுப்பால்லா, இன்னைக்கு மல்லாக்கப் படுத்திருக்கா." ஜெசிந்தா அந்த ஒரே கேள்வியைக் கேட்டாள். "தூக்கத்துல தூக்கிப்போடுதா யக்கா?" "ஆமா மேடம், அப்பப்ப துள்ளுதா. கனவு போல. நெஞ்சுல கை வச்சா அடங்கித் தூங்குதா. அவ மட்டுமில்ல, பக்கத்துல இந்த ஹர்ஷினியும் அப்பிடித்தான், ரெண்டும் மாத்தி மாத்தித் துள்ளுதுக. நான் நடுவுல உக்காந்து ரெண்டு பேரு நெஞ்சுலயும் ஒரு கைய வச்சிருக்கேன். போனக்கூடத் தோள்ல இடுக்கித்தான் பேசுதேன். நீங்க பதறாதீங்க மேடம், அதான் தாள் குடுத்துட்டீங்கள்ல." போனில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. இரண்டு பிள்ளைகளின் நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாளின் இரண்டு உள்ளங்கைகளும், அவற்றின் கீழே தூங்கிக்கொண்டே துள்ளுகிற இரண்டு சின்ன நெஞ்சும் அவளுக்குத் தெரிந்தன. "யக்கா, அந்தத் தாள் தப்பு. நான் தப்பா எழுதிட்டேன்" என்றாள். "மேடம், மெதுவாப் பேசுங்க, பிள்ளைங்க முழிச்சிக்கிடும்." "முழிக்கட்டும் யக்கா. எழுப்புங்க. எல்லாரையும் எழுப்புங்க."